சத்தமில்லாத சங்கீத வகுப்பு

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாவதோடு நின்றவள் நான். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன். வாத்தியார் பெண்டாட்டிக்கு இதுகூடச் சொல்லத் தெரியவில்லை என்று பேராகிவிடும். ஆனாலும் எங்கள் வாத்தியார் சொன்னால் இதைவிடத் தப்பாகத்தான் சொல்வார். அதனால் நானே சொல்கிறேன்.

வாத்தியார் என்றால் என் வீட்டுக்காரர், முனியப்பன். ஒகேனக்கல் போகிற ரோட்டோரம் ஓர் ஊரில் ஓராசிரியர் பள்ளி. முப்பது பிள்ளைகள். பள்ளிக்கும் எங்கள் வூட்டுக்கும் நடுவே ஒரு சுவர். அவர் அதட்டினால் என் அடுப்பு அணையும்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆடி மாதம் அவர் மீட்டிங்கிலிருந்து முகம் வெளுத்து வந்தார். பிள்ளைகளுக்குப் பாட்டும் இசையும் சொல்லித்தர வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் தஸ்தகீர் சார் நேரில் வந்து கேட்பாராம். எந்தப் பள்ளியில் பிள்ளைகள் வாய் திறக்கவில்லையோ, அந்த வாத்தியாருக்கு வத்தல்மலைக்கு மாற்றல். அங்கே ஓர் இடம் காலியாகவே கிடக்கிறதாம்.

எனக்கு அப்போதே முழங்கால் வலித்தது. மலைக்கு அன்று பஸ் கிடையாது. அரிசி, உப்பு, நான், எல்லாம் நடந்துதான் ஏற வேண்டும்.

"பயப்படாதே புள்ள. சங்கீதத்தை எப்படிச் சொல்லித் தரணும்னு எனக்குத் தெரியும்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் நிஜமாகப் பயந்தேன்.

மறுநாள் வகுப்பு ஆரம்பித்தது. போர்டில் ச ரி க ம ப த நி என்று அழகாக எழுதினார். ஒவ்வொன்றையும் நூறு தடவை எழுதச் சொன்னார். எழுத்து மனசில் பதியாமல் வாய் திறந்தால் சுரம் கெட்டுவிடுமாம். திறந்தவனுக்கு இன்னொரு நூறு. ஒரு மாதத்தில் முப்பது பிள்ளைகளும் சங்கீதத்தைக் கோடு மாறாமல் எழுதினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் பலப்பம் கீச்சிடுகிற சத்தம்தான்.

"ஏங்க, எப்பத்தான் பாடுவாங்க?"

"நீ சோத்தைப் பாரு."

பார்த்தேன். சோற்றுக்குத் தண்ணீர் இல்லை. அடிபம்பு ரோட்டுக்கு அந்தப் பக்கம். என் முழங்கால் இந்தப் பக்கம். மதியம் தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு சொன்னேன். என் வாசலில் நாலு பாத்திரம். அண்டாவுக்கு எருமை என்று பேர் வைத்தோம். பெரிய குடம் பசு. சின்னக் குடம் ஆடு. சொம்பு குருவி. சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். நான் கரண்டியால் ஒன்றைத் தட்டுவேன். அதே சத்தத்தில் பாடிக் காட்டிவிட்டு யார் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஒரு குடம் தண்ணீர் அடித்து வர வேண்டும்.

முதல் வாரம் என் வூட்டில் தண்ணீர் வழிந்தது. இரண்டாம் வாரம் ஒருத்தரும் தப்பு செய்யவில்லை. எனக்குப் பெரிய கஷ்டமாகிவிட்டது. இரண்டு இரண்டாகத் தட்டினேன். பாடினார்கள். நாலு நாலாகத் தட்டினேன். அதையும் பாடி, கூடக் கைதட்டலும் சேர்த்தார்கள். இரண்டாம் வகுப்பு சென்னம்மாள், எல்லாரிலும் குட்டி, ஒரு நாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வாத்தியாரம்மா, பசு இன்னைக்குத் தண்ணி கம்மியா குடிச்சிருக்குங்க. ஆடு மாதிரி கத்துது." எட்டிப் பார்த்தேன். பாதிக் குடம்தான் இருந்தது. தண்ணீர் குறைந்தால் குரல் ஏறும் என்று நானே அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் வாத்தியார் போர்டைக் காட்டிப் பாடச் சொன்னார். முப்பது பேரும் ஆஜர் சொல்வதுபோல் ச, ரி, க, ம என்று படித்தார்கள்.

"இது பாட்டுங்களா, பட்டியலுங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டது என் அடுப்படிவரை கேட்டது.

என் கண்ணில் மலைப்பாதை தெரிந்தது. கரண்டியை எடுத்தேன். வாசலுக்குப் போய் பசு, ஆடு, குருவி, பசு என்று தட்டினேன்.

முப்பது பிள்ளைகளும் இன்ஸ்பெக்டருக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். பாடினார்கள். நான் நிறுத்தவில்லை, அவர்களும் நிறுத்தவில்லை. எருமைக்குப் பெரிய பையன்கள் அடித்தொண்டையில் இறங்கினார்கள். குருவிக்குச் சென்னம்மாள் ஒருத்தியே போதும்.

இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

"நான்தாங்க சார். இது என்னோட தனி முறைங்க" என்றார் எங்கள் வாத்தியார், கொஞ்சமும் கூசாமல்.

"அப்படிங்களா? வத்தல்மலைப் பிள்ளைங்களுக்கு உங்களை மாதிரி ஆள்தான் வேணும். ஒண்ணாம் தேதியே ஏறிடுங்க."

சாக்பீஸ் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பாடாவிட்டாலும் மலை, பாடினாலும் மலை. இந்தக் கணக்கு எந்தப் பள்ளியில் சொல்லித் தருகிறார்களோ. கரண்டியோடு வகுப்புக்குள் போய்விட்டேன்.

"சார், மன்னிச்சுக்குங்க. இவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தி, குடத்தைத் தட்டிக் கேளுங்க. ஒண்ணையாவது சரியாச் சொல்லிட்டா நான் முதல்ல ஏர்றேன்."

நிறுத்தினார்கள். சென்னம்மாள் பசுவைத் தட்டினாள். ஆடு என்றார். ஆட்டைத் தட்டினாள். எருமை என்றார். குருவியைத் தட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ் கண்டக்டர் படியில தட்டறாப்பல இருக்குங்க" என்றார்.

"சாருக்கு மூணு குடம்" என்றாள் சென்னம்மாள்.

எனக்கு வேலை போட்டுத் தரலாமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஐந்தாவதுதான் என்றேன். தெரிந்தவளை அனுப்பச் சட்டமில்லை, அனுப்ப முடிந்தவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. பார்வைப் புத்தகத்தில் எழுதினார்: "ஆசிரியர் இப்பள்ளியிலேயே இருந்து கற்றுக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு மீண்டும் சோதிக்கப்படுவார்."

அன்று ரோட்டைத் தாண்டி எங்கள் வாத்தியார் மூன்று நடை தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மலையே ஏறினாலும் சரி, தோற்றவன் என்ற பேர் கூடாதாம். தினமும் விடியற்காலை எழுந்து குடங்களைத் தட்டிக் கேட்டார். பங்குனி வந்தபோது பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னார். சித்திரையில் பத்துக்குப் பத்து. எனக்கு மறுபடியும் முழங்கால் வலி ஆரம்பித்தது.

அடுத்த சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நான் கொடுத்த மோரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திச் சுவர்ப் பக்கம் திரும்பினார். பசுவிலிருந்து இரண்டு சொம்பு தண்ணீரை மொண்டு ஆட்டில் ஊற்றினேன். பசு ஆடாயிற்று, ஆடு பசுவாயிற்று.

முப்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சங்கீத வகுப்பில் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லித் தந்தவர் அவர்தானே.