கொலோனில் இறங்கிய தலைப்பா

அன்றைய பயணத்தில் நடந்தவற்றை வரிசையாக எழுதினால் இவ்வளவுதான்:

1. பாரிஸ். நானும் அம்மாவும் நான்கு பெட்டிகளோடு ரயில் ஏறினோம்.
2. பெல்ஜியம். ரயில் காரணம் சொல்லாமல் நின்றது. அம்மா காரணம் கேட்காமல் ரோல்ஸ் சாப்பிட்டார்.
3. ஜேர்மனி, கொலோன். சித்தியைச் சந்தித்து ஒரு பெட்டியைக் கொடுத்தோம்.
4. ஜேர்மனி, ஹம்பர்க். கொடுத்தது எந்தப் பெட்டி என்று தெரிந்தது.
5. டென்மார்க். அம்மா தூங்கினார். நான் தூங்கவில்லை.
6. ஹேர்னிங். பெரியம்மா வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி: "தலைப்பா எங்க?"

நான் மொன்றியல் டவுன்டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தச் சாமானை எந்த ஊரில் எப்போது இறக்க வேண்டும் என்று லொறிகளுக்குச் சொல்லும் மென்பொருளை எழுதுவதுதான் வேலை. இதை மறைத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் இந்தக் கதையை அந்த விவரம் இல்லாமல் சொல்வதில்லை.

அம்மாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். அக்கா, அதாவது என் பெரியம்மா, டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற சின்ன ஊரில் இருக்கிறார். தங்கை, அதாவது சித்தி, கொலோனில். பெரியம்மாவின் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தலைப்பா ஹேர்னிங்கில் கிடைக்காது. "பாரிஸாலதானே வாறியள், லா சப்பல் தமிழ்க் கடையில ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று பெரியம்மா பொறுப்பை எங்களிடம் விட்டார். பாரிஸிலிருந்து விமானத்தில் போகலாம் என்றேன். அம்மாதான் ரயில் என்று பிடிவாதமாக நின்றார். நாலு நாட்டையும் பார்த்துக்கொண்டு போகலாமாம்.

உண்மையான காரணம் கொலோன் என்பது எனக்குத் தெரியும் (அந்த அளவுக்கு நான் புத்திசாலி). சித்திக்குக் கல்யாணத்துக்குச் சொல்லவில்லை. பெரியம்மாவும் அவரும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. சித்தியின் மகள் பூப்படைந்தபோது வைத்த சாமத்திய வீட்டு வீடியோவில், பெரியம்மா ஆலாத்தி எடுத்த இடத்தை வெட்டிவிட்டு, அவர் வடை சாப்பிட்ட இடத்தை மட்டும் வைத்திருந்தார் வீடியோக்காரர். அதுவும் மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் நாதஸ்வரத்தோடு. சித்தி வேண்டுமென்றே செய்வித்தார் என்பது பெரியம்மாவின் கட்சி. வடை சாப்பிட்டது உண்மைதானே என்பது சித்தியின் கட்சி. நடுவில் அம்மா, இருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசி எடுத்து, இருவர் சொல்வதற்கும் "ஓம் ஓம்" போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே திட்டம் இதுதான்: கொலோனில் ரயில் மாறும் இடைவெளியில் பிளாட்பாரத்திலேயே சித்தியைப் பார்ப்பது, பெரியம்மாவுக்கு மூச்சு விடாமல் இருப்பது.

சித்தி வெறுங்கையோடு வரமாட்டார். அவருக்கு நாங்களும் வெறுங்கை காட்ட முடியாது. அதற்காகத்தான் மேப்பிள் பிஸ்கட். மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் அப்பார்ட்மென்டின் வரவேற்பறையில் ஒரே அளவான நான்கு வெள்ளை அட்டைப்பெட்டிகளைப் பரப்பி, ஒன்று முதல் நான்கு வரை தடித்த பேனாவால் எண் போட்டேன். ஒன்றில் பரிசுப் பொருட்கள், இரண்டில் மேப்பிள் பாகுப் போத்தல்கள், மூன்றில் சித்திக்கான பிஸ்கட். நான்காவது காலி, பாரிஸில் தலைப்பாவை வைப்பதற்கு.

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டும் எழுதன் பிள்ளை," என்றார் அம்மா.

"எண் மட்டுமே காணும் அம்மா. லிஸ்ட் என்ர போனில இருக்கு."

"அப்ப தலைப்பா எதுக்குள்ள வரும்?"

"நாலுக்குள்ள."

"நாலுக்குள்ளயோ," என்று அம்மா நிதானமாகத் திருப்பிச் சொன்னார். என் முறையை ஒருவர் இவ்வளவு விரைவாகப் புரிந்துகொண்டது அதுவே முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பாரிஸில் வாங்கிய தலைப்பா சொன்னபடியே நான்காம் பெட்டிக்குள் போனது. பெல்ஜியத்தில் ரயில் நின்ற நேரம் கொலோனில் நான் ஒதுக்கியிருந்த நேரத்தை விழுங்கிவிட்டது. இறங்கியபோது எங்கள் அடுத்த ரயில் வேறு பிளாட்பாரத்துக்கு மாறியிருந்தது. பெட்டிகளையும் அம்மாவையும் சித்தியிடம் விட்டுவிட்டு அறிவிப்புப் பலகையைப் பார்க்க ஓடினேன். திரும்பி வந்தபோது சகோதரிகள் இருவரும் கையைப் பிடித்தபடி ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா இடியப்பப் பார்சல், கோழிக்கறி, தேநீர்ப் போத்தல் எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு கோவில் தேர் மாதிரி நின்றார்.

"பிஸ்கட் பெட்டி குடுத்தாச்சோ அம்மா?"

"எல்லாம் குடுத்தாச்சு. நீ ஓடு."

ஏறி உட்கார்ந்து எண்ணினேன். மூன்று பெட்டிகள். நான்கில் ஒன்று போனால் மூன்று. கணக்குச் சரி. நிம்மதியாக இடியப்பம் சாப்பிட்டேன்.

ஹம்பர்க்கில் இறங்கப் பெட்டிகளை அடுக்கியபோதுதான் எண்களைப் பார்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

பிளாட்பாரத்தில் நின்றபடியே சித்திக்கு எடுத்தேன்.

"ஓம் பிள்ளை, இப்பதான் திறந்து பாத்தனாங்கள்," என்றார் சித்தி. "பிஸ்கட் எண்டெல்லோ அக்கா சொன்னவா. இவர் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நிக்கிறார். அளவாத்தான் இருக்கு."

"சித்தி, கல்யாணம் நாளைக்கு."

"அது தெரியும். ஆனா எங்களுக்குச் சொல்லேல்லையே பிள்ளை. சொல்லாத வீட்டுக்கு எப்பிடி வாறது? வாறியளோ எண்டு பெரியக்கா ஒரு சொல்லுக் கேக்கட்டும். இப்பவே காரை எடுக்கிறம்."

டென்மார்க் முழுவதும் சொல்வதா விடுவதா என்று கணக்குப் போட்டேன். பெரியம்மாவிடம் இதைச் சொன்னால் தலைப்பா போனது மட்டுமல்ல, நாங்கள் கொலோனில் இறங்கியதும் தெரிந்துவிடும். அப்புறம் ஆறு வருடக் கோபத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

"எவ்வளவு காத்தாடி பார்," என்றார் அம்மா, ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகளைப் பார்த்து.

"அம்மா, தலைப்பா."

"ஓம், அதுவும்தான்." பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஹேர்னிங்கில் பெரியம்மாவின் குசினியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அருகில் கோழிக்கறியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

"கொலோனில ஆர் இருக்கினம்?" என்று கேட்டார் பெரியம்மா, தனக்கு அந்த ஊரையே தெரியாதது போல.

அம்மா கறியைக் கிளறினார். பெரியப்பா ஒரு பட்டுச் சால்வையை எடுத்து, வீடியோ பார்த்து மாப்பிள்ளை அண்ணாவின் தலையில் சுற்றத் தொடங்கினார். மூன்று தரம் சுற்றினார். அண்ணா கண்ணாடியைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "அப்பா, தலையில அடிபட்டு ஆஸ்பத்திரியால வந்தவன் மாதிரி இருக்கு."

பெரியம்மா மகனைப் பார்த்தார். அடுப்பில் இருந்த கறியைப் பார்த்தார். அது யாருடைய கைக்கறி என்று மணத்திலேயே தெரிந்திருக்கும். என் போனைக் கையை நீட்டி வாங்கினார்.

மறுமுனையில் சித்தி "ஹலோ" என்றது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பெரியம்மா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு ஆறு வருடத்துக்குப் பின் தங்கைக்குச் சொன்ன முதல் வார்த்தைகள் இவை:

"அந்த மனுசனைத் தலைப்பாவைக் கழட்டச் சொல்லு. விரியப் போகுது." சற்று நிறுத்தி, "எல்லாரும் வாங்கோ. சாப்பிட்டிட்டு வெளிக்கிடுங்கோ, வழி தூரம்," என்றார்.

காலையில் கார் வந்து நின்றது. சித்தப்பா நான்காம் பெட்டியை மடியில் வைத்திருந்தார். பெரியம்மா வாசலுக்குப் போய், பெட்டியை வாங்க முதல் சித்தியின் கன்னத்தைத் தடவினார். நான் ஒரு ஓரமாக நின்று அழுதேன். அழுதுகொண்டே ஒரு விஷயத்தைக் கவனித்தேன்.

சித்தி புதுச் சேலை கட்டியிருந்தார். அதற்கேற்ற நிறத்தில், கையில் மணி வேலை செய்த சட்டை, கச்சிதமாகத் தைத்திருந்தது. அப்படி ஒரு சட்டை தைக்க இரண்டு வாரமாவது வேண்டும். கல்யாணத்துக்குச் சொன்னது முந்தின நாள் மாலை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேறு எங்கோ பார்த்தார்.

இப்போதைய நிலைமை: கல்யாண வீடியோவில் சித்தி வடை சாப்பிடும் காட்சி ஒன்று இருக்கிறது, பெரியம்மா கேட்டு வைத்தது, சித்தியின் சம்மதத்தோடு. அண்ணாவுக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். நான் மொன்றியலில் தெருமுனை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனாலும், "நம்பர் போட்டனியோ?" என்று என் அப்பா கேட்கிறார். நான்காம் பெட்டியை யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டால், தனக்கு எண்கள் மனதில் நிற்பதில்லை என்கிறார் அம்மா. பெரியம்மாவும் சித்தியும் ஞாயிறுதோறும் ஒரு மணித்தியாலம் கதைக்கிறார்கள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.