ஐந்து பொத்தானும் ஒரு மணி நேரமும்

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் மகள் குட்டியும் சுகம். என் முழங்கால்கள் இரண்டும் மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

"பள்ளியில் சேர்த்து மூன்று மாதமாகியும் குட்டிக்கு ஓர் எழுத்து தெரியவில்லை, மேசை துடைக்கத்தான் தெரிகிறது, முதலில் வெளியே கூட்டிக்கொண்டு வா" என்று எழுதியிருந்தாய். போகிறபோக்கில் "பிள்ளை கொஞ்சம் மந்தமோ" என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரி என் தூக்கத்தைத் தின்றுவிட்டது அக்கா. செவ்வாய்க்கிழமை தையல் கடையைச் சாத்திவிட்டு, ஒரு கை பார்த்துவிடுவது என்று பள்ளிக்குப் போனேன். டீச்சர் அசரவில்லை. "கூட்டிட்டுப் போறதுன்னா போங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உள்ள உக்காந்து பாருங்க. பேசக்கூடாது, உதவி செய்யக்கூடாது, கண்ணால ஜாடை காட்டக்கூடாது" என்று சொல்லி ஒரு நாற்காலியைக் காட்டினார். நாற்காலியா அது? உட்கார்ந்ததும் என் முழங்கால்கள் காதோடு ரகசியம் பேசின.

உள்ளே இருபது பிள்ளைகள். சந்தைக்கடை மாதிரி இருக்க வேண்டாமா? இல்லை. அவரவர் பாயை விரித்து அவரவர் வேலை. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கண்ணாடிக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பாதி கிண்ணத்தில், பாதி தரையில். சரி, இப்போது திட்டு விழும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, ஒருவரும் திரும்பக்கூட இல்லை. அவளே பஞ்சை எடுத்துத் துடைத்தாள். நனையாத இடத்தையும் எதற்கும் இருக்கட்டும் என்று துடைத்தாள்.

அப்புறம் நம் குட்டி. அலமாரியிலிருந்து, பொத்தான் போட்டுப் பழகுகிற ஒரு மரச்சட்டத்தை எடுத்து வந்தாள். அதில் இரண்டு துணி, நடுவில் ஐந்து பெரிய பொத்தான். இருபத்திரண்டு வருஷமாகப் பொத்தான் தைக்கிறவன் நான்; என் கண்ணெதிரே, முதல் பொத்தானை இரண்டாம் ஓட்டையில் மாட்டுகிறாள்! காலையில் கடை திறக்கிற அவசரத்தில் அவள் சட்டைப் பொத்தானை ஒருநாளும் அவளைப் போடவிட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் கை தானாக நீள, நான் எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது. என்னைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரட்டைச் சடை பக்கத்தில் வந்து, "அங்கிள், நாற்காலிய ரெண்டு கையால தூக்கணும். இப்பிடித் தூக்கக்கூடாது" என்று மெதுவாகச் சொல்லி, பின்னால் போய் இழுத்து என்னை விடுவித்தது.

குட்டி இதையெல்லாம் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒரு பொத்தான் வீடில்லாமல் நின்றதும் அதையே வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அத்தனையையும் கழற்றிவிட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு மேலேயிருந்து தொடங்கினாள். மூன்று முறை அக்கா! மூன்றாம் முறை ஐந்தும் சரியாக விழுந்தன. யாரும் கைதட்டவில்லை. அவளும் யாரையும் தேடவில்லை. பொத்தான்களைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். எனக்குக் கண் மறைத்தது. இரட்டைச் சடை மறுபடி வந்து ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டி, "மூக்கத் தொடச்சிட்டு, அந்தக் கூடையில போடணும்" என்றது. போட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "கஷ்டமா இருந்துச்சாடா?" என்று கேட்டேன். "இல்லப்பா. அங்க நேரம் இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மந்தம் அவளிடம் இல்லை அக்கா, அவசரம்தான் என்னிடம் இருந்திருக்கிறது. குட்டி அங்கேயே படிக்கட்டும். இனி அவள் வேலையில் இந்தக் கை நுழையாது, இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், உனக்குக் கோபம் இருந்தால் அதற்கும் ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
உன் தம்பி.

பி.கு.: இந்தக் கடித உறையைத் தானே ஒட்டுவேன் என்றாள் குட்டி. அரை மணி நேரம் ஒட்டினாள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அவள் பசை டப்பாவை மூடத் திரும்பிய நேரம், கட்டைவிரலால் லேசாக ஓர் அழுத்து அழுத்தினேன். ஒரே ஓர் அழுத்து. "நீ தொட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். முழு உறையையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஒட்டுகிறாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது. தபால் எடுக்கிற நேரம் தாண்டிவிட்டது. இன்னும் மூன்று மூலை பாக்கி.