பாக்டீரியாவுக்குப் பந்தி வச்ச அமலன்

ஊட்டிக் கெடுக்குறவங்கன்னு ஒரு ரகம் உண்டு, பாத்திருப்பீங்க. எதிராளி கையெடுத்துக் கும்பிட்டாலும் இன்னொரு கரண்டி ஊத்திட்டு, "எளச்சுட்டியேப்பா"ம்பாங்க. பாசக்காரங்கதான். ஆபத்தும் அவங்கதான்.

திண்டுக்கல்ல அந்த ரகத்துக்குத் தலைவர் போட்டா, அது எங்க அமலன்தான். காலேஜ் லேப்ல ஆராய்ச்சி. நிலக்கரியிலேருந்து எடுக்குற எண்ணெயில கந்தகம் இருக்கும், எரிச்சா புகை நெஞ்ச அடைக்கும். அந்தக் கந்தகத்த மட்டும் தின்னுட்டு எண்ணெய விட்டுவைக்கிற பாக்டீரியா இருக்குங்க! கண்ணுக்கே தெரியாத உசுரு, சத்தமில்லாம எண்ணெயச் சுத்தம் பண்ணுது. நெனச்சாலே எனக்குப் புல்லரிக்குது.

திங்கக்கிழமை கமிட்டி வருது. கந்தகம் கொறைஞ்சிருந்தா அமலனுக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆராய்ச்சி. இல்லேன்னா சின்னாளப்பட்டியில அண்ணன் கடையில சேலை மடிக்கணும்.

அவர் என்ன பண்ணுனார்? காலையில எண்ணெயும் பாக்டீரியாவும் இருந்த குடுவைகிட்டக் குனிஞ்சு நலம் விசாரிச்சு, குளிரும்னு ஃபேனக் கொறைச்சு, மத்தியானம் தனக்குச் சோறு எறங்காம "அதுக வெறும் எண்ணெயோட கெடக்குதே"ன்னு கலங்கி, சின்ன வெங்காயம் வாங்கி இடிச்சு, சாறு வடிச்சு, கொதிக்கவச்சு ஆறவச்சு, தெனம் நாலு சொட்டு ஊத்துனார். பாக்டீரியா பெருகி, குடுவை மோராட்டம் வெளுத்துப் பொங்குச்சு. அவருக்கு ஆனந்தக் கண்ணீரு.

சனிக்கிழமை பக்கத்து மேசை சபிஹா அளந்து பாத்தாங்க.

"அண்ணே, கந்தகம் இம்மியும் கொறையலையே. என்னத்தப் போட்டீங்க?"

"வெங்காயச் சாறு தாயி. சும்மா, தெம்புக்கு."

சபிஹா தலையில கை வச்சுட்டாங்க. வெங்காயத்துலயும் கந்தகம் இருக்கே! லேசாக் கெடைக்கிறத விட்டுட்டு எவன் மெனக்கெட்டு எண்ணெயக் கடிப்பான்?

"பட்டினி போட்டாத்தான் இதுக வேலை பாக்கும்ணே. பந்தி போட்டுட்டு மம்பட்டியக் குடுத்தா யாரு தோண்டுவா?"

தான் பட்டினி போட்டு வளத்த பாக்டீரியாவுல கொஞ்சம் எடுத்து, புதுக்குடுவையில எண்ணெய் ஊத்தி விட்டாங்க. தொடமாட்டேன்னு அமலன் சத்தியமே பண்ணுனார்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா லேப் வாசல்ல வந்து நிக்கிறார். ஒரு கை முதுகுக்குப் பின்னாடி.

"கையில என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. செத்த நேரம் பாத்துட்டுப் போறேன்."

வெங்காய வாசம் வராண்டா வரைக்கும் வீசுது. சபிஹா டப்பாவப் பிடுங்கி, கதவப் பூட்டி, சாவியப் பையில போட்டுக்கிட்டாங்க.

திங்கக்கிழமை அளந்தா, கந்தகம் பாதியாக் கொறைஞ்சிருக்கு! ரெண்டு வருசம் கெடைச்சிருச்சு. கமிட்டி கை குலுக்குது, நம்மாளு கண்ணு குடுவையிலயே இருக்கு.

"பாவம், எளச்சுப்போச்சுக."

சிரிக்கிறீங்களா? சிரிங்க. போன வாரம் உங்க வீட்டு விருந்தாளி போதும்னு எலை மேல கைய வச்சு மறிச்சாரே, அந்தக் கை மேலயே ஒரு கரண்டி பிரியாணிய வச்சது யாரு?