விலை பார்க்கும் சங்கத்துக்கு ஒரு தலைவர்

“தலைவர் பதவிக்கு யார் வாறீங்க?” என்று அலவி மூன்றாம் தரம் கேட்டார்.

மற்ற ஏழு பேரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தவற விட்டவர்கள் மாதிரி குனிந்திருந்தார்கள்.

பதுளைக் கடைவீதியில், அலவியின் புடவைக்கடை மாடியில், சனிக்கிழமைதோறும் கூடுகிற சங்கம் இது. எட்டுக் கடைக்காரர்கள். அரிசி ஏறுமா, கருவாடு இறங்குமா, ரப்பர் பங்கு என்னாகும் என்று முன்கூட்டியே சொல்வது அவர்கள் வித்தை. கொழும்புத் தந்தி வந்த பிறகு எந்தக் கழுதையும் சொல்லும். இவர்கள் தந்தி வருவதற்கு முன்பே சொல்வார்கள். சொன்னது பிழையாகிப்போனால் தந்திக்காரனைத் திட்டுவார்கள்.

போன மாதம் வரை அலவிதான் தலைவர். முழங்கால் வலி என்று விலகிக்கொண்டார். சங்கத்தை முழங்காலால் நடத்துகிறார் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

ஜௌபர் கையைத் தூக்கினார். “நான் நிக்கிறேன்.”

“மாஷா அல்லாஹ்!” என்று பாறூக் துள்ளி எழும்பிக் கட்டிப்பிடித்தார். எதிர்ப்பு இல்லை, கேள்வி இல்லை. தன் அறிவுக்கு இவ்வளவு மதிப்பா என்று ஜௌபருக்கே கூச்சமாக இருந்தது.

வீட்டில் மனைவி ஸித்தி ஸுபைதா அப்படி நினைக்கவில்லை.

“அத்தனை பேரும் குந்தியிருக்க நீங்க மட்டும் ஏன் எழும்பினீங்க?” என்று கேட்டுவிட்டு மூன்று தரம் தும்மினாள்.

தும்மலுக்குக் காரணம் பின்னறையில் கிடந்தது. அறுபது மூட்டை செத்தல் மிளகாய். அவள் காப்பு இரண்டையும் விற்று வாங்கியது. ஐப்பசி மழையில் சாக்கு ஏற்கெனவே நனைந்த நாய் மாதிரி நாறியது. இன்னும் ஒரு மாதம் கிடந்தால் பூஞ்சணம்தான். காப்பும் போகும், கடையும் போகும்.

“அதுக்காகத்தான் எழும்பினேன்” என்றார் ஜௌபர் மெதுவாக. “தலைவர் வாயால மிளகாய் ஏறும்னு சொன்னா, சனம் விழுந்தடிச்சு வாங்கும்.”

“தலைவர் வீட்டுலதான் மூட்டை கெடக்குன்னு தெரிஞ்சா?”

“யாருக்குத் தெரியும்? ஒனக்கும் எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான்.”

“ஏத்தியிறக்குன வண்டிக்கார அழகரை விட்டுட்டீங்க.”

“அவன் மாட்டோடதான் பேசுவான்.”

அடுத்த சனிக்கிழமை ஜௌபர் தாடியைத் தடவிக்கொண்டு அறிவித்தார்: “செத்தல் மிளகாய் ஏறும். எழுதி வச்சுக்கங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தெமோதரைத் தோட்டத்துக் கங்காணி வீரசிங்கம் கடைக்கு வந்தார்.

“மொதலாளி, மூணு மூட்டை மிளகாய் வேணுங்க. ஏறப்போவுதாமே.”

ஜௌபர் பின்னறைத் திறப்பை எடுத்துப் பூட்டில் போடும்போது, எங்கிருந்தோ பாறூக் முளைத்தார்.

“தலைவரே, விக்கிறீங்களா? அப்ப ஏறாதா?”

“சேச்சே! விக்கிறதாவது! எங்கிட்ட ஏது மிளகாய்?”

“அதானே. கங்காணியாரே, இப்படி வாங்க. எங்கிட்ட ஒரு மூணு மூட்டை கெடக்கு.”

கங்காணி போய்விட்டார். ஏறும் என்று சொன்ன வாயால் என் மூட்டையை எடுங்கள் என்று சொல்ல முடியாது என்பது அப்போதுதான் ஜௌபருக்கு உறைத்தது.

அழகரைக் கூப்பிட்டார். “பத்து மூட்டை ஏத்து. தெமோதரைப் பக்கம் கொண்டு போய் வந்த வெலைக்குத் தள்ளு. என் பேரைச் சொல்லாத.”

“சரிங்க மொதலாளி.”

பொழுது சாயுமுன் வண்டி திரும்பியது. வண்டிக்கு முன்னால் பாறூக்கும் அலவியும் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

“தலைவரே, எவனோ ஒரு பைத்தியக்காரன் இதை அடிமாட்டு வெலைக்கு விக்கச் சொல்லியிருக்கான்! ஒங்க வாக்குக்கு மரியாதையா நாங்களே வாங்கிட்டோம். ஏறப்போற சரக்கு ஒங்க கையில இருக்கணும். மூட்டைக்கு ஒரு ரூபா கூடக் குடுத்தாப் போதும்.”

வீதியே பார்த்துக்கொண்டு நின்றது. வேண்டாம் என்றால் தலைவருக்கே தன் வாக்கில் நம்பிக்கையில்லை என்றாகிவிடும். ஜௌபர் பல்லைக் காட்டிக்கொண்டு தன் மூட்டையைத் தானே வாங்கினார்.

“வித்துட்டு வாங்கன்னா வாங்கிட்டு வாறீங்க” என்றாள் ஸுபைதா. தும்மினாள்.

இனி ஒரே வழிதான். அடுத்த கூட்டத்தில் ஜௌபர் தொண்டையைக் கனைத்தார். “யோசிச்சுப் பார்த்தேன். மிளகாய் எறங்கும். நானும் கொஞ்சம் விக்கலாம்னு...”

மாடி இரண்டுபட்டது.

“எறங்குமா? ஒங்க பேச்சை நம்பித்தானே விக்காம வச்சிருக்கோம்!”

“எங்கிட்ட எட்டு மூட்டை!”

“எங்கிட்ட பத்து! நீங்கதான் எடுக்கணும், தலைவரே. இல்லாட்டிப் பள்ளிவாசல்ல வழக்கு வைப்போம்.”

பள்ளிவாசல் என்றதும் ஜௌபர் சம்மதித்துவிட்டார். ஊருக்கு முன்னால் பொய்யன் என்று நிற்பதைவிட மிளகாயோடு நிற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கையில் காசு இல்லை. கடையிலிருந்த அரிசியும் கருவாடும் சீனியும் பதிலுக்குப் போயின. அடுத்த வாரம் முழுக்க அழகரின் வண்டி ஏழு வீடுகளுக்கும் ஜௌபர் வீட்டுக்குமாக நடந்தது. அறுபது மூட்டை நூற்றுப் பன்னிரண்டானது. பின்னறை நிறைந்து, நடு அறை நிறைந்து, கட்டிலுக்கடியிலும் மிளகாய் வந்தது. ஸுபைதா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை ஜௌபர் மாடியேறி, “எனக்கு முடியல. பதவியை விடுறேன். யார் வாறீங்க?” என்றார்.

மறுபடியும் ஏழு பேரும் கோப்பைக்குள் குனிந்தார்கள்.

“அலவி நானா?” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். தலை நிமிரவில்லை. “பாறூக்?” தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கெஞ்சினார். ஒரு கைகூட மேலே வரவில்லை.

தடதடவென்று படியிறங்கினார். கீழே அழகர் வெறும் வண்டியில் கிடந்த சாக்குத் தூசைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“அழகர்! எவ்வளவு பெரிய பதவி! ஒருத்தனும் வர மாட்டேங்கிறானே, ஏன்டா?”

அழகர் மாட்டைத் தடவிக்கொடுத்தபடியே சொன்னான்:

“எப்படிங்க வருவாங்க? கடைசி மூட்டையையும் காலையிலதானே ஒங்க வீட்டுல எறக்குனேன். மூட்டை இல்லாதவரு இதுவரைக்கும் யாருங்க மொதலாளி தலைவரா நின்னிருக்காங்க?”