சக்கர நாற்காலி கிடைத்தது, ஈரல் பற்றிய விபரம் உள்ளே

பசறை,
ஞாயிறு பூசை முடிந்து வந்து எழுதுவது.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் றிச்சர்ட் அவர்களுக்கு,

உங்கள் அக்கா நேசராணியின் புருஷன் மத்தேயு, ஆண்டவரின் தயவால் தன் சொந்தக் கால்களாலேயே கடைக்கு நடந்து போய்க் காகிதம் வாங்கி வந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் அக்காவும் நாய் ஜொனியும் நல்ல சுகம். அங்கே நீங்களும் உங்கள் துணைவி தங்கச்சி ரொஷானியும் அதே சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

முதலில் நன்றி. நீங்கள் வத்தளையிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட சக்கர நாற்காலி முந்தாநாள் ஒரு கீறல்கூட இல்லாமல் பசறைக்கு வந்து சேர்ந்தது. கொண்டக்டர் அதை இறக்கி வைத்துவிட்டு, "நோயாளி எங்க இருக்காரு?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பிறகு நான் அதைத் தள்ளிக்கொண்டு கடைத்தெரு வழியாக மேட்டில் ஏறினேன். ஏற்கனவே என் கால் இரண்டும் விளங்காமல் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்த சனம், நான் என் நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக் கடை வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டது. மச்சான், எனக்கு வந்தது ஈரலில். கால் சம்பந்தப்பட்டது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் உங்கள் அன்பு வீண்போகவில்லை. மேல் வீட்டில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த பெரியாயி அக்கா, உங்கள் புண்ணியத்தால் இப்போது வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் எல்லோரையும் விசாரிக்கிறார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டுப் போன் உங்கள் அக்காவின் கையில். நான் பேச ஆரம்பித்தால் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் ஒரு வரி சொல்வதற்குள் அவள் அதைத் திருத்திவிடுகிறாள். அதுவுமல்லாமல், போன கிழமை நீங்கள் அழைத்து "மச்சான்" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி அழுதுவிட்டு வைத்தபோது, துக்கம் உங்கள் வீட்டில்தான் என்று நினைத்து நாங்கள் இங்கே முழங்காலில் நின்று முழுச் செபமாலையும் சொன்னோம். ஆகவே எழுத்தில் தருவதுதான் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

நடந்தது இதுதான். நம்முடைய மாதா கோயில் திருவிழாவில் போட்ட பன்றிக்கறியை நான் கொஞ்சம் தாராளமாகவே சாப்பிட்டேன். மறுநாள் வயிற்றில் ஒரு பிடிப்பு. இரண்டு நாள் இஞ்சிக் கசாயம் குடித்தும் போகாததால், அக்காவிடம் பதுளைக்கு லொறி டயர் விசாரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அஸ்ஹருடைய ஆட்டோவில் போனேன். (அஸ்ஹரை உங்களுக்குத் தெரியாது. நான் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில் எனக்கு உதவியாளனாக இருந்தவன், தங்கமான பையன், வாய் மட்டும் கொஞ்சம் அகலம்.) லொறியை விட்டு ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆன மனிதன் எதற்கு டயர் விசாரிக்கிறான் என்று உங்கள் அக்கா கேட்காதது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பதுளையில் வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் பிடித்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை, பன்றிக்கறி தானாகவே போய்விட்டது. ஆனால் ஈரலில் நாலு நீர்க்கட்டி இருப்பதாகவும், அதில் ஒன்றை விசேஷ டொக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் சொல்லி ரிப்போட்டைக் கையில் தந்தார்கள். அதற்குமேல் அந்த அறையில் பேச்சு என் காதில் ஏறவில்லை. "கட்டி" என்ற சொல் மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ரிப்போட் இங்கிலீஷில். அஸ்ஹர் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படித்தான். கடைசி வரியில் வந்து நின்றுவிட்டான்.

"என்னடா?"

"அண்ணே, 'மலிக்னன்சி' எண்டு போட்டு ஈக்கி."

"அப்படின்னா?"

"கேன்சர். ஆனா அதுக்கு முன்னுக்கு 'எக்ஸ்க்ளூட்' எண்டும் ஈக்கி. எண்டா வெளியேத்துறது."

"அப்ப வெளியேத்திட்டாங்களா?"

அஸ்ஹர் ரிப்போட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். "உள்ளுக்கு ஈக்கிறதத்தானே அண்ணே வெளிய போட ஏலும்?" என்றான்.

அது கேன்சர் இல்லை என்று உறுதிப்படுத்த மேற்கொண்டு பார்க்கவும் என்பதுதான் அந்த வரியின் அர்த்தம் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பிளேன்டீ வாங்கி, குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றோம். "யாருக்கும் சொல்லாதே, முக்கியமா நேசராணிக்கு" என்றேன். "வல்லாஹி, சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தை அவன் ஒழுங்காகக் காப்பாற்றியதாகத்தான் இன்றும் சொல்கிறான். மனைவி ஸுபைராவிடம் மட்டும் சொன்னானாம், அதுவும் துஆ செய்வதற்காக. ஸுபைரா தைக்கக் கொடுத்த இடத்தில் சொல்லியிருக்கிறாள், அதுவும் துஆவுக்காக. அங்கேயிருந்து பக்கத்து வீட்டு அழகருக்குப் போய், அவர் மாரியம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டார். இப்படி எல்லோரும் எனக்காகக் கடவுளிடம் சொல்லப் போய், ஊருக்கும் சொல்லி, பதுளை தாண்டும்போது கால் விளங்காமல் போய், வத்தளைக்கு வரும்போது நான் படுத்த படுக்கை. நம் கோயில் சனத்தின் செபமாலையையும் சேர்த்தால், மூன்று மதத்திலிருந்தும் மேலே மனு போனது எனக்கு. அவர்கள் ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். உங்கள் அக்காவுக்கு என்னால் கடைசி நேரத்தில் அலைச்சல் வேண்டாம் என்று, தெருவில் கட்டுகிற மரண அறிவித்தல் பனருக்கு வேண்டிய படத்தை நானே எடுத்து வைத்துவிடத் தீர்மானித்தேன். கோட் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். "பாஸ்போட்டுக்கா?" என்றான் பையன். இல்லை, பெரிதாக அடிக்க என்றேன். "கலியாண நாளா? அப்ப கொஞ்சம் சிரிங்க." சிரிக்கிற மாதிரியான விசேஷம் இல்லை என்றேன். அவனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும், விளக்கைக்கூட மெதுவாகத்தான் போட்டான். மச்சான், கழுத்துப் பட்டியை இறுக்கிக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. இந்தப் படத்துக்குக் கீழே அழப்போகிறவளை நினைத்துத்தான். அவளுக்கு லைட் பில் எங்கே கட்டுவது என்றுகூடத் தெரியாதே என்று நினைத்தேன். (முப்பது வருடமாக அவள்தான் கட்டுகிறாளாம். அதுவும் பிறகுதான் தெரிந்தது.)

படம் வாங்க நான் போகவில்லை. மரக்கறி வாங்கப் போன உங்கள் அக்காவைக் கூப்பிட்டு, ஸ்டூடியோப் பையன் நல்ல எண்ணத்தில் கொடுத்து அனுப்பியிருக்கிறான், "அண்ணன் கேட்ட மாதிரியே கறுப்புக் கரை வெச்சிருக்கேன் அக்கா" என்று. அவள் வீட்டுக்கு வந்து, படத்தைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்தாள்.

"இது யாருங்க?"

"நான்தான்."

"இவரு சாப்புடுவாரா, இல்ல உங்களுக்கு மட்டும் போட்டாப் போதுமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போட்டையும் கொடுத்தேன். அவள் அழவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும், மச்சான். தேங்காய்க்கு ஒரு வேலையும் இல்லை. போய்ப் பார்த்தேன். பாத்திரம் நிறையத் துருவி வைத்துக்கொண்டு, வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லாம எப்பிடிங்க தனியா வெச்சிருந்தீங்க?" என்றாள், அவ்வளவுதான். நானும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மூன்று வேளையும் எங்களுக்கும் அழகர் வீட்டுக்கும் தேங்காய்ச் சம்பல்தான்.

அதற்குப் பிறகு காரியம் அவள் கைக்குப் போனது. பதுளையில் விசேஷ டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. ஸ்கேனை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதில மூண்டு வெறும் தண்ணிப் பை. கனபேருக்கு இருக்கும், தெரியாமலே வாழ்ந்திட்டுப் போவினம். இதுகள் கேன்சராய் மாறாது, விடுங்கோ. நாலாவதுக்குள்ள ஒரு தடுப்புத் தெரியுது. அதைத்தான் வடிவாப் பாக்கவேணும்" என்றார். நேசராணி என் காதில், "அதுல என்னங்க வடிவு வேண்டிக்கெடக்கு?" என்றாள். நன்றாகப் பார்ப்பதற்கு அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று நான் விளக்கினேன். சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே சதை முளைத்திருக்கிறதா, அதற்கு இரத்த ஓட்டம் இருக்கிறதா, இவற்றைச் சீடி ஸ்கேனில் பார்க்கவேண்டும் என்றார். பிறகு திடீரென்று, "வீட்டில நாய் இருக்கோ?" என்று கேட்டார். ஆட்டுக் குடல் தின்கிற நாயிடமிருந்து ஒரு புழுவின் முட்டை நம் வயிற்றுக்குள் போனாலும் ஈரலில் பை வருமாம். இந்தப் பக்கம் அது அபூர்வம்தான், இருந்தாலும் இரத்தத்தைச் சோதித்துவிடுவோம் என்றார். இதை அஸ்ஹர் கதவுக்கு வெளியே நின்று கேட்டு, ஸுபைராவுக்குப் போன் போட்டிருக்கிறான். நாங்கள் பசறைக்கு வந்து இறங்குமுன் ஜொனி கொலைகாரனாகிவிட்டது. அழகர் அதைக் கொய்யா மரத்தில் கட்டி வைத்திருந்தார். பாவம், அது எனக்கு வாலை ஆட்டுகிறது, சுற்றி நிற்கிறவர்கள் அதை முறைக்கிறார்கள்.

சீடி ஸ்கேன் அன்று வெறும் வயிற்றோடு போனேன். கையில் ஒரு மருந்தை ஏற்றுவோம், உடம்பு சூடாகும், மூத்திரம் போய்விட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள் என்று அந்தப் பிள்ளை முன்கூட்டியே சொன்னது. சொல்லியும் நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், அவ்வளவு தத்ரூபம். மெஷின் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது. பிடித்தேன். விடச் சொன்னதா இல்லையா என்று தெரியவில்லை. விட்டால் படம் கெட்டுவிடும் என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தப் பிள்ளை ஓடி வந்து, "ஐயா, முடிஞ்சுது, மூச்சு விடுங்க!" என்று தோளைத் தட்டியது. வெளியே வந்தபோது உங்கள் அக்கா முதலில் பார்த்தது என் காற்சட்டையைத்தான். "காஞ்சுதான் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் இருவரும் சிரித்தோம். கறுப்புக் கரைப் படத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

முடிவு சொல்கிற அன்று டொக்டர் அம்மா படத்தை நிதானமாகப் பார்த்தார். "தடுப்பு மெல்லிசு. சுவர் தடிக்கேல்ல. உள்ளுக்குச் சதை ஒண்டும் இல்ல, இரத்த ஓட்டமும் இல்ல. நாய்ப் புழுவும் இல்ல. கேன்சர் எண்டு சொல்ல ஒரு அடையாளமும் இல்ல" என்றார். அப்படியானால் வெட்டி எடுத்துவிடலாமே என்றேன். ஒன்றும் செய்யாததை ஏன் வெட்ட வேண்டும் என்றார். ஊசியால் தண்ணீரை உறிஞ்சினால்? திரும்ப ஊறுமாம். "ஆறு மாசத்தில ஒருக்காப் பாப்பம். அப்பிடியே இருந்தா பிறகு ஆறுதலாய்ப் பாக்கலாம்." உங்கள் அக்காதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள்: "என்ன நடந்தா நாங்க ஆறு மாசம் பாத்துக்கிட்டிருக்காம ஓடி வரணும் டொக்டர்?" காய்ச்சலோடு வலி வந்தால், கண் மஞ்சளானால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால், என்று அவர் விரல் விட்டுச் சொல்லிவிட்டு, "நல்ல கேள்வி அம்மா" என்றார். அந்தப் பாராட்டை இதுவரை நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், பசறை வளைவுகளில் நேசராணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ. அவள் கை என் வலது விலாவின்மேல் இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அந்தக் கை நழுவும், தூக்கத்திலேயே திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடும். இந்த வீதியில் எத்தனையோ வருடம் லொறி ஓட்டியிருக்கிறேன், இது இவ்வளவு சீக்கிரம் முடிகிற வீதி என்று அன்றுதான் கண்டேன். வீட்டுக்கு வந்து ஜொனியை அவிழ்த்துவிட்டு, பூச்சி மருந்தும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். அழகர் தன் நேர்த்திக்கடனைச் செலுத்தினார். அஸ்ஹருக்கும் ஸுபைராவுக்கும் அக்கா அவர்களுடைய பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தையே செய்து கொடுத்தாள். ருசி எப்படி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லவில்லை.

ஆகவே மச்சான், நீங்கள் லீவு போட்டு வர வேண்டாம். ஈரலில் நாலு தண்ணீர்ப் பையோடு நான் முழு மன அமைதியாக இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன். எனக்குப் பயம் என்பது அடியோடு விட்டுப்போய்விட்டது. இந்த வயதில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு பேர் அழத் தயாராக இருக்கிறார்கள் என்று உயிரோடு இருந்தே பார்த்துவிட்டேன், அதற்காக ஆண்டவருக்கும், டொக்டர் அம்மாவுக்கும், உங்கள் கண்ணீருக்கும் நன்றி சொல்லி முடிக்கிறேன். ரொஷானிக்கு எங்கள் ஆசீர். உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்கட்டும்.

என்றும் உங்கள்,
மத்தேயு மச்சான்

பி.கு.: கடிதத்தை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பிரித்து எழுதுகிறேன். நேற்று உங்கள் அக்கா, கொஞ்ச நாளாகத் தனக்கும் நெஞ்செரிச்சல் என்று பதுளைக்குப் போய் ஸ்கேன் எடுத்தாள். அவள் ஈரலில் அஞ்சு பை! டொக்டர் அம்மா பார்த்துவிட்டு, ஐந்தும் வெறும் தண்ணீர், தடுப்புக்கூட இல்லை, இதற்காகத் திரும்பி வரவே தேவையில்லை என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அக்கா என்னைவிட ஒன்று கூட என்று பெரியாயி அக்காவிடம் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு, இப்போது அடுப்படியில் பாட்டுப் பாடிக்கொண்டு மீன் பொரிக்கிறாள். எனக்குக் காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. அவள் தும்மினாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். மேலே தைரியம், மன அமைதி என்று நான் எழுதியதெல்லாம் என்னுடைய ஈரலுக்கு மட்டும்தான் செல்லுபடியாகும் போலிருக்கிறது, அவளுடையதுக்கு இல்லை. வர வேண்டாம் என்ற வரியை அடித்துவிட்டேன். உடனே புறப்பட்டு வாருங்கள். ரொஷானியையும் கூட்டி வாருங்கள். இங்கே என்னைத் தேற்ற ஆள் போதாது.