என் முடியைச் சாமிக்குக் கொடுத்த அக்கா

ஜொகூர் மாநிலத்திலேயே அடுத்தவர் தலைமுடியைச் சாமிக்கு அதிகமாக வாரிக் கொடுத்தவர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் வேண்டுதல் அக்காவை யாரும் நெருங்க முடியாது. அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பத்து பாகாட் ஊரில் ஒரு துணி ஃபேக்டரியில் தையல் வேலை.

ஜொகூர் பாருவில், குழந்தைகளின் இதய சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் அறையில்தான் அவரைப் பார்த்தேன். அவருடைய மகனுக்கு ஆபரேஷன் முடிந்து மேல் மாடி வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனாலும் மகன் தூங்கும்போதெல்லாம் அக்கா எங்களோடுதான். எந்தக் குழந்தை உள்ளே போனாலும் உடனே ஒரு நேர்த்திக்கடன் வைப்பார். வைப்பது அவர், நிறைவேற்ற வேண்டியது நாம்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்த லாரி டிரைவருக்குக் காவடி. அவருடைய மாமியாருக்கு மொட்டை.

"மாமியாரைக் கேட்டீங்களாக்கா?" என்றேன்.

"சாமிகிட்ட சொல்லியாச்சு. இனிமே அவங்கள எதுக்கு கேக்கணும்?"

பல நாட்களுக்குப் பிறகு லாரிக்காரர் சிரித்தது அப்போதுதான்.

என் மகளுக்குப் பிறக்கும்போதே இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருந்தன. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். டாக்டர் சொன்னதைப் படம் வரைந்து அம்மாவுக்கு விளக்கினேன். "பெரும்பாலான பிள்ளைங்க நல்லா வந்துடும்மா." மீதிப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று அம்மா கேட்கவில்லை. நான் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் அன்று அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ மொட்டை போடுறதா வேண்டிட்டேன்."

பட்டமளிப்புப் படத்தில் தொப்பிக்குக் கீழே இடுப்பு வரை தொங்கும் முடி அது.

"அலமாக்! முழுசாவா? பூமுடி குடுத்தா போதாதாக்கா?"

"உள்ள டாக்டர் என்ன பாதி ஆபரேஷனா பண்றாரு?"



ஆபரேஷன் செய்த சீன டாக்டர் ஒருவழியாக வெளியே வந்தார். குழாய்களை மாற்றியாயிற்று; வீக்கம் இருப்பதால் நெஞ்சை இன்னும் மூடவில்லை; இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மலாயில் முந்திக்கொண்டார். "டாக்டர், தைப்பூசத்துக்கு நீங்க பால்குடம் எடுக்கறதா வேண்டியிருக்கேன்."

டாக்டர் களைப்பாகப் பார்த்தார். "சரி லா. முதல்ல சாப்பிட்டுட்டு வரேன்."

மறுநாள் மகளின் ரத்த அழுத்தம் சரிந்தது. நர்ஸ்கள் ஓடினார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவையே பார்த்து நின்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்ட ஆரம்பித்தார். என் கணவர் சிகரெட்டை விடுவார். என் தம்பி தீ மிதிப்பான். அக்கா கண்ணால்கூடக் கண்டிராத என் மேனேஜர் அன்னதானம் போடுவார். ஆட்கள் தீர்ந்துபோனார்கள்.

"வேற யாரு இருக்கா உங்க வீட்ல?" அக்கா என் கையை உலுக்கினார்.

"யாரும் இல்லக்கா."

"அப்ப நான் இருக்கேன்," என்று கண்ணை மூடிக்கொண்டார். என்ன வேண்டினார் என்று கடைசி வரை சொல்லவில்லை.

அழுத்தம் மெல்ல ஏறியது. பிறகு நெஞ்சை மூடினார்கள். அதற்கும் பிறகு, மூச்சுக்காகத் தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்தார்கள். மகள் முகம் சிவந்து வாயைத் திறந்தாள். சத்தமே இல்லை, காற்று மட்டும். எனக்கு உயிரே போய்விட்டது. "குழாய் உரசின தொண்டை. நல்லாத்தான் அழறா," என்றார் நர்ஸ்.

சிங்கப்பூரில் வேலையில் இருந்த கணவருக்குப் போன் போடவில்லை. அம்மாவுக்கும் போடவில்லை. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல், அக்காவிடம் சொல்ல மாடிப்படியில் ஓடினேன்.