இன்னும் கொஞ்சம் போட்டால்

உலகத்தில் பொருள் விற்பவர்கள் உண்டு, வாங்குபவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நின்றுகொண்டு, இரண்டு பேர் காரியத்தையும் கெடுக்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அவர்கள் எதையும் வாங்குவதில்லை. வாங்கக் கிளம்பியவரை வழியில் நிறுத்தி, "அதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா..." என்று ஆரம்பிப்பார்கள். செருப்போ, சைக்கிளோ, சுவர்க்கடிகாரமோ, எதுவானாலும் அதே பல்லவிதான். பேசி முடித்து நீங்கள் வீட்டுக்கு வரும்போது பையில் பணம் அப்படியே இருக்கும். ஆசை மட்டும் காணாமல் போயிருக்கும்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவர் எங்கள் மாடியில் குடியிருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ உண்டு. நாங்கள் வைத்தது 'இன்னுங்கொஞ்சம்'. கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் அவர் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்? மோட்டாரைப் பற்றி நிஜமாகவே தெரிந்தவர். குரலை உயர்த்தமாட்டார். அடுத்தவர் காசு வீணாகிவிடக்கூடாதே என்று மனசாரக் கவலைப்படுவார். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

அவரிடம் போய் மாட்டியவள் என் நாத்தனார். பல் செட் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரார் பல்லையெல்லாம் தேய்த்துத் தேய்த்து, தனக்கென்று எதையாவது தேய்க்க வேண்டும் என்ற ஆசை வந்து, வெறும் அரத்தால் மூன்று மாதம் ராவி ஒரு கத்தி செய்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் சமையல்காரர். ஒரு விபத்துக்குப் பிறகு வலது கட்டைவிரல் மடங்காது. கடையில் விற்கிற கத்தி எதுவும் அவர் கையில் நிற்காது. இருபது வருஷம் யார் யாருடைய அடுப்படியிலோ நின்றுவிட்டு, அப்போதுதான் சொந்தமாகச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட இடம் பிடித்திருந்தார்.

"என் விரலுக்குத் தோதா ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார் தங்கையிடம்.

கடை திறக்க இரண்டு மாதம் இருந்தது. அரத்தை நம்பினால் மூன்று மாதம். ஆகவே பெல்ட் கிரைண்டர் தேவைப்பட்டது. மாவு அரைக்கிற கிரைண்டர் இல்லை. சக்கரங்களின் மேல் உப்புத்தாள் பட்டை ஒன்று விர்ரென்று ஓடும், அதில் இரும்பைக் காட்டினால் தேய்ந்து தேய்ந்து கத்தியாகும். கைக்கு அடக்கமான விலையில், ஒரு இஞ்ச் அகலப் பட்டையோடு, மேஜைமேல் வைக்கிற சின்ன மிஷின் ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள்.

"மாடியில அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கிடலாம் அண்ணி" என்று படியேறினாள். அந்த ஒரு வார்த்தைக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

"அதுவா? அது பொம்மைம்மா. பத்து நிமிஷத்துல மோட்டார் கொதிக்கும். இன்னும் கொஞ்சம் போட்டா ரெண்டு இஞ்ச் பட்டையே வந்துடும்."

சரி என்று இரண்டு இஞ்சைத் தேடிப் பிடித்துக்கொண்டு மறுவாரம் போனாள்.

"ரெண்டு இஞ்ச் நல்லதுதான். ஆனா ஒரே வேகத்துல ஓடுமே, கத்தி முனை கருகிடாது? இன்னும் கொஞ்சம் போட்டா வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக்கலாம்."

வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மிஷினுக்குப் பெரிய மோட்டார் வேண்டுமாம், பெரிய மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டுமாம், கரண்ட் வந்துவிட்டால் மட்டும் போதுமா, பறக்கிற இரும்புத் தூளை உறிஞ்ச ஒரு குழாய் வேண்டுமாம், குழாய் போட இந்த வீட்டுச் சுவர் தாங்காதாம், ஆகையால் இன்னும் கொஞ்சம் போட்டு ஊருக்கு வெளியே நாலடி மனை பார்த்தால் பின்னால் பிரச்சினையே இருக்காதாம். கத்தி செய்ய ஆசைப்பட்டவள் மனைத் தரகரைத் தேட வேண்டிய நிலைக்கு வந்தாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. பழைய கத்தியை வைத்துக் கைவேகம் பழகிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், வெங்காயத்தோடு இடதுகை விரல்நுனியையும் அரிந்துவிட்டார். மூன்று தையல். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவர் சிரித்தார். ஆனால் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "கடை எனக்குச் சரிப்படுமா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். அது நாத்தனார் காதிலும் விழுந்துவிட்டது. அவள் எழுந்து மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணா, உங்ககிட்ட எந்த மிஷின் இருக்கு?"

"எங்கிட்டயா?" மனிதர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நான் இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்மா."

"எவ்வளவு நாளா?"

"ஏழு வருஷமா" என்றார். அதில் ஒரு பெருமிதம் வேறு.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். துணி துவைத்த கை, சோப்புநுரைகூடக் காயவில்லை. "வாஷிங் மிஷினையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. கல்யாணமானதுலேருந்து" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என் நாத்தனாரிடம் கேட்டார்: "நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

மறுநாள் மெக்கானிக் யாருடைய லிஃப்டுக்குள்ளோ இருந்த நேரத்தில், நாங்கள் மூன்று பேரும் கடைத்தெருவில் இருந்தோம். நாத்தனார் அந்தச் சின்ன மிஷினை வாங்கினாள். மாடி வீட்டு அக்கா வாஷிங் மிஷின் வாங்கினார். விலையைக் கேட்டார், தலையாட்டினார், முடிந்தது. கல்யாணமானதிலிருந்து நடக்காத காரியம் கால் மணி நேரத்தில் நடந்துவிட்டதே என்று அவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மனிதர் சொன்ன குற்றங்குறை அத்தனையும் உண்மை. பத்து நிமிஷத்தில் மோட்டார் கொதித்தது. முதல் கத்தியின் முனை சூட்டில் நீலம் பாய்ந்து வீணாயிற்று. நாத்தனார் என்ன செய்தாள்? பத்து நிமிஷம் தேய்த்தாள், பத்து நிமிஷம் டீ குடித்தாள். இரண்டாவது கத்தியை ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தாள். மடங்காத விரல் வந்து உட்கார மரப்பிடியில் ஒரு பள்ளம் செதுக்கினாள். கடை திறக்க நாலு நாள் இருக்கும்போது கத்தி தயார்.

திறப்பு நாளன்று வந்தவர்களெல்லாம் சாப்பாட்டைப் பார்த்தார்கள். நான் என் வீட்டுக்காரரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கூடை வெங்காயம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்துவிட்டு மூன்றாவது கூடையை இழுத்துக்கொண்டார்.

இன்னுங்கொஞ்சமும் வந்திருந்தார். திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, கத்தியைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு காகிதத்தை அறுத்தார். 'இன்னும் கொஞ்சம்' எப்போது வரும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"நல்லா வந்திருக்குதும்மா" என்றார். "எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவியா?"

"கண்டிப்பாண்ணா! எவ்வளவு நீளத்துல வேணும்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். நெற்றியைத் தேய்த்தார்.

"பாத்துச் சொல்றேன்" என்றார்.

எட்டு மாதமாகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கலாம், தடையில்லை. போகிற போக்கில் உங்கள் வீட்டுக்குள் மட்டும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நீங்கள் அறியாமல் ஒரு மிக்சியோ, மேஜை விளக்கோ, திரைச்சீலையோ முளைத்திருக்கிறதா? "இது எப்போ வந்தது?" என்று கேட்டால், வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "இது ரொம்ப நாளா இருக்கே!" என்கிறார்களா?

அப்படியானால் மேற்கொண்டு எதுவும் விசாரிக்காதீர்கள். உங்களுக்குள் இருக்கிற இன்னுங்கொஞ்சத்தை அவர்கள் கண்டுபிடித்தும் ரொம்ப நாளாகிவிட்டது.